வாசகர் கேள்வி-பதில்: இலை விடும் வாசத்தை அந்த நொடியிலேயே அளப்பது

புல் வெட்டும்போது மூக்கில் ஏறும் பச்சை வாசனை, செடிகள் காற்றில் விடும் ஆவிச் சேர்மங்களில் ஒரு சிறு பங்குதான். ஐசோப்ரீன், மோனோடெர்பீன், மெத்தனால், எத்திலீன் என்று பட்டியல் நீளும். இவற்றை உடனுக்குடன் அளப்பது பற்றி வந்த கடிதங்களில் பாதி, "எந்தக் கருவி நல்லது?" என்றே தொடங்குகின்றன. எங்கள் பதில்களோ கருவியைவிட, இலைக்கும் கருவிக்கும் நடுவே காற்று போகும் வழியைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன. அளவு கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

கேள்வி: டெனாக்ஸ் (ஆவிகளை உறிஞ்சிப் பிடிக்கும் பொடி) குழாயில் காற்றைப் பிடித்து ஜிசி-எம்எஸ் (சேர்மங்களைப் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காணும்) கருவியில் செலுத்தினால் ஒவ்வொரு சேர்மமும் பெயரோடு கிடைத்துவிடுகிறது. அப்புறம் நொடிக்கு நொடி அளக்கும் கருவி எதற்கு? (ஆய்வு மாணவி)

பதில்: குழாய் பெயரைச் சொல்லும், நேரத்தைச் சொல்லாது. நிமிடத்துக்கு 200 மி.லி. வீதம் 20 நிமிடம் இழுத்தால் 4 லிட்டர் காற்றில் இருந்த எல்லாமும் ஒரே குழாயில் சேர்ந்துவிடும். அந்த 20 நிமிடத்துக்குள் என்ன நடந்தது என்பது அதில் இருக்காது.

இலையைக் கத்தரித்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். உடைந்த சவ்விலிருந்து வெளிவரும் லினோலெனிக் அமிலத்தை லிப்பாக்சிஜனேஸ் நொதி முதலில் பிடிக்கிறது. அடுத்த நொதி அதை வெட்ட, சில நொடிகளிலேயே ஹெக்சினால் என்ற ஆல்டிஹைடு காற்றில் ஏறுகிறது. அது உச்சத்தைத் தொட்டு இறங்கும்போது ஹெக்சினால் ஆல்கஹாலாக மாறிய வடிவம் ஏறுகிறது. அதற்கும் பின்னால் ஹெக்சினைல் அசிட்டேட் வருகிறது. திரையில் இவை ஒன்றன்பின் ஒன்றாக எழும் மூன்று மேடுகளாகத் தெரியும். குழாயில் பார்த்தாலோ மூன்றும் ஒரே கூட்டுத்தொகை. கம்பளிப்புழு கடித்ததற்குப் பதிலாகச் செடி புதிதாகச் செய்யும் டெர்பீன்கள் பல மணி நேரம் கழித்தே வரும். காயத்தின் வாசம் எது, செடியின் பதில் எது என்று பிரித்துச் சொல்ல நேர வரிசைதான் கைகொடுக்கும்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது பிடிஆர்-எம்எஸ், அதாவது புரோட்டான் மாற்ற நிறைமானி. 1990களில் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் லிண்டிங்கர் குழுவினர் உருவாக்கிய முறை இது. நீராவியிலிருந்து ஹைட்ரோனியம் அயனிகளை (ஒரு புரோட்டான் கூடிய நீர் மூலக்கூறுகளை) செய்து, அவற்றைக் காற்று மாதிரியோடு 2 முதல் 2.5 மில்லிபார் அழுத்தக் குழாயில் மோத விடுகிறார்கள். நீரைவிட அதிகப் புரோட்டான் நாட்டம் (புரோட்டானை ஈர்த்துப் பிடிக்கும் திறன்) உள்ள சேர்மம் எதுவோ அது ஒரு புரோட்டானைப் பறித்துக்கொண்டு, தன் நிறையோடு 1 கூடிய எண்ணில் தெரிகிறது. நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றுக்கு அந்த நாட்டம் குறைவு. அதனால் காற்றை முன்கூட்டியே பிரிக்காமல் நேராக உள்ளே விடலாம். இந்த முறை வேகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் ஆல்ஃபா-பினீன், லிமோனீன், மிர்சீன் எல்லாவற்றுக்கும் நிறை 136 என்பதால் இதில் எல்லாம் ஒரே எண்தான். ஆகவே முக்கியமான மேடு எழும் நேரத்தில் பக்கத்திலேயே ஒரு டெனாக்ஸ் குழாயையும் ஓட விடுங்கள். நேரம் ஒன்றிலிருந்தும் பெயர் மற்றதிலிருந்தும் வரட்டும்.

கேள்வி: செடியை மூடி வைக்கும் எங்கள் சேம்பர் 30 லிட்டர். காற்று நிமிடத்துக்கு 1 லிட்டர். கருவி நொடிக்கு ஓர் அளவு தருகிறது. ஆனாலும் இலையைக் கத்தரித்தால் வரைபடம் மெல்ல ஏறி, அதைவிட மெல்ல இறங்குகிறது. கருவியில் கோளாறா?

பதில்: கருவியில் கோளாறு இல்லை. சேம்பரின் கொள்ளளவைக் காற்றோட்டத்தால் வகுங்கள்: 30 நிமிடம். உள்ளே இருக்கும் காற்று மாற ஆகும் இந்த மாற்று நேரம்தான் உங்கள் அமைப்பின் உண்மையான வேகம். திடீரென்று ஒரு மாற்றம் வந்தால் அதில் 63 சதவீதம் தெரிய 30 நிமிடம், 95 சதவீதம் தெரிய 90 நிமிடம் ஆகும். ஓரிரு நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும் ஹெக்சினாலை இந்தச் சேம்பரில் பார்க்கவே முடியாது. கருவி நொடிக்கு ஓர் அளவு தருகிறது என்றால், பழைய காற்றை நொடிக்கு ஒரு முறை அளந்து சொல்கிறது என்றுதான் பொருள்.

முழுச் செடியை விட்டுவிட்டு ஓர் இலையையோ சிறு கிளையையோ மட்டும் மூடுங்கள். அரை லிட்டர் சேம்பரில் அதே 1 லிட்டர் ஓட்டம் என்றால் 30 நொடி. ஒன்றரை நிமிடத்தில் 95 சதவீதம் வந்துவிடும். பெரிய சேம்பரை வைத்துக்கொண்டே ஓட்டத்தை 10 மடங்கு கூட்டவும் செய்யலாம். ஆனால் அப்போது செறிவும் பத்தில் ஒன்றாகும், குறைவாக வரும் செஸ்குவிடெர்பீன்கள் (15 கார்பன் கொண்ட கனமான டெர்பீன்கள்) இரைச்சலில் மூழ்கிவிடும். நீங்கள் பார்க்க விரும்பும் நிகழ்வு எவ்வளவு நேரம் நீடிக்குமோ அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இந்த மாற்று நேரம் இருக்கட்டும் என்பது எங்கள் கணக்கு.

கணக்கு மூலமும் கொஞ்சம் மீட்கலாம். ஓட்டத்தைச் செறிவால் பெருக்கியதோடு, கொள்ளளவைச் செறிவு மாறும் வேகத்தால் பெருக்கிக் கூட்டினால், உள்ளே அந்த நேரத்தில் வெளியானது கிடைக்கும். இதற்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, காற்று நன்றாகக் கலந்திருக்க வேண்டும். இரண்டாவது, மாறும் வேகத்தைக் கணக்கிடும்போது இரைச்சலும் பெருகும் என்பதால் 10 முதல் 20 நொடிக்குச் சராசரி எடுத்துவிட்டுச் செய்ய வேண்டும். 30 நிமிடச் சேம்பரை இது காப்பாற்றாது. 2 நிமிடச் சேம்பரை நல்லபடி கூர்மையாக்கும்.

கலந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செடி இல்லாமல், தெரிந்த செறிவுள்ள வாயுவைச் சேம்பருக்குள் நிலையாக ஓட விட்டு, சட்டென்று நிறுத்துங்கள். செறிவின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். கோடு நடுவில் வளைந்து தட்டையானால் எங்கோ ஒரு மூலையில் காற்று தேங்குகிறது. சிறு விசிறி ஒன்று போதும். ஆனால் மோட்டார் சேம்பருக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே டெஃப்ளான் இறக்கை மட்டும் சுழலட்டும். மோட்டாரின் மசகும் கம்பிச் சுருளின் பூச்சும் சூடானால் அவையும் ஆவி விடும்.

இன்னும் மூன்று விஷயம். உள்ளே அனுப்பும் காற்று, பம்புகள் இழுக்கும் மொத்தத்தைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருக்கட்டும். கசிவு இருந்தாலும் அது வெளிநோக்கியே இருக்கும், அறைக் காற்று உள்ளே வராது. அடுத்து, விளக்கின் கீழ் மூடிய சேம்பர் சூடாகும். சேமிப்பிலிருந்து வரும் மோனோடெர்பீன் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும் என்பதால், 5 டிகிரி ஏறினால் ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். வெப்பமின்னிரட்டையின் (மெல்லிய கம்பி வெப்ப உணரியின்) முனை இலையின் அடிப்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சேம்பர் சுவரில் ஒட்டிய வெப்பமானி இலையின் வெப்பத்தைச் சொல்லாது. கடைசியாக, சுவரில் பனி பூத்தால் அளவை நிறுத்துங்கள். மெத்தனாலும் அசிட்டால்டிஹைடும் அந்த நீர்ப்படலத்தில் கரைந்து, பிறகு தம் இஷ்டத்துக்கு வெளிவரும். வெளியேறும் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை நெருங்கும்போதே ஓட்டத்தைக் கூட்டிவிடுவது நல்லது.

கேள்வி: சேம்பரிலிருந்து கருவிக்கு 3 மீட்டர் டியூப். அதில் எவ்வளவு நேரம் போகும்? சிலிக்கோன் டியூப் பயன்படுத்தலாமா?

பதில்: சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். டெர்பீன்களை உறிஞ்சிக்கொண்டு மணிக்கணக்கில் மெல்ல விடும். அதோடு தானும் சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மத்தை விடும். ரப்பர் கார்க், பிவிசி டியூப், சாதாரண ஒட்டும் டேப் ஆகியவையும் அப்படித்தான். பிஎஃப்ஏ அல்லது பிடிஎஃப்இ (டெஃப்ளான் வகைகள்) டியூப், கண்ணாடி, டெஃப்ளான் படலம் ஆகியவை சரி. கிளை சேம்பருக்குள் நுழையும் துளையைப் பிடிஎஃப்இ டேப்பைத் தண்டைச் சுற்றித் தளர்வாகச் சுற்றி அடையுங்கள். இறுக்கினால் தண்டு நசுங்கி, அந்தக் காயமே அளவில் வரும்.

நேரத்தைக் கணக்கிடுவது எளிது. உள்விட்டம் 1.6 மி.மீ. டியூப் 3 மீட்டரில் 6 மி.லி. காற்றுதான் இருக்கும். நிமிடத்துக்கு 100 மி.லி. இழுத்தால் 4 நொடிக்குள் கடந்துவிடும். உள்விட்டம் 4 மி.மீ. என்றால் 38 மி.லி., 23 நொடி. கருவி தானே குறைவாக இழுத்தால், அதன் வாயில் ஒரு டி-இணைப்பு போட்டு, பக்க பம்ப் ஒன்று நிமிடத்துக்கு அரை லிட்டர் இழுக்கட்டும். டியூபில் காற்று வேகமாக ஓடும், கருவி தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கு காற்றுக்குத்தான். ஐசோப்ரீன் காற்றோடு சேர்ந்து வந்துவிடும். செஸ்குவிடெர்பீனும் மெத்தில் சாலிசிலேட்டும் சுவரில் ஒட்டி ஒட்டி வரும், பல நிமிடம் பிந்தும். டியூப் முழுவதையும் 60 முதல் 80 டிகிரி வரை ஒரே சீராகச் சூடாக்குங்கள். இணைப்பு ஒன்று மட்டும் வெளியே குளிர்ந்து நீட்டிக்கொண்டிருந்தால், எல்லாம் அங்கேதான் படியும். விரலால் தொட்டுப் பார்த்தாலே அந்த இடம் தெரிந்துவிடும்.

கேள்வி: பிடிஆர்-எம்எஸ் அளவில் 81ஆம் எண் ஏறினால் மோனோடெர்பீன் என்று எழுதிக்கொள்ளலாமா? 69ஆம் எண் சில நேரம் காரணமே இல்லாமல் ஏறுகிறது. செடி ஐசோப்ரீன் விடும் இனம்கூட இல்லை.

பதில்: இரண்டுமே அடிக்கடி தவறும் இடங்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறோம்.

மோனோடெர்பீன் புரோட்டான் ஏற்று 137இல் வரும், ஒரு பங்கு உடைந்து 81இல் வரும். ஹெக்சினால் 99இல் வர வேண்டும். ஆனால் அது நீரை இழந்து பெரும்பாலும் 81க்கே இறங்கிவிடும். இரண்டு துண்டுக்கும் வாய்பாடு ஒன்றே, ஆறு கார்பன் ஒன்பது ஹைட்ரஜன். அதனால் எவ்வளவு கூர்மையான கருவியானாலும் நிறையை வைத்துப் பிரிக்க முடியாது. புதினா, தக்காளி போன்ற செடியின் இலையைக் கிழித்தால் சுரப்பிமயிரிலிருந்து மோனோடெர்பீனும், காயத்திலிருந்து ஹெக்சினாலும் ஒரே நேரத்தில் வரும். அங்கே 81ஐ மட்டும் பார்த்து எழுதிய முடிவு எதற்கும் உதவாது.

வழி இதுதான். தூய ஆல்ஃபா-பினீனை உங்கள் கருவியில், நீங்கள் அளக்கும்போது மோதல் குழாயில் இருக்கும் அதே மின்புலத்தில், அதே ஈரத்தில் செலுத்தி 81க்கும் 137க்கும் உள்ள விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு, அது 0.8 என்று வைப்போம். அளவில் 137 எண்ணிக்கை 1000, 81 எண்ணிக்கை 1500 என்றால், 800 மோனோடெர்பீனின் பங்கு, மீதி 700 ஹெக்சினாலின் பங்கு. மின்புலத்தை மாற்றினால் விகிதமும் மாறும், ஆகவே அளவு நடக்கும் நாளில் அதைத் தொடாதீர்கள். 99, 101, 83, 143 எண்களையும் சேர்த்துப் பாருங்கள். 101 ஆறு கார்பன் ஆல்கஹாலுக்கும் 143 அசிட்டேட்டுக்கும் உரியவை, இரண்டும் உடைந்தால் 83 வரும். இவை வரிசையாக எழுந்தால் காயம் என்று துணிந்து சொல்லலாம்.

இனி 69. ஐசோப்ரீனின் துல்லிய நிறை 69.070. ஃபியூரான் 69.033. நிறையை நுட்பமாகப் பிரிக்கும் நேரப்பறப்பு வகைக் கருவி இரண்டையும் தனித்தனி முகடாகக் காட்டும், முழு எண்ணாக மட்டும் பிரிக்கும் குவாட்ருபோல் வகை காட்டாது. நோனனால் போன்ற நீண்ட ஆல்டிஹைடுகளின் துண்டு, சில ஊசியிலை மரங்கள் விடும் மெத்தில்பியூட்டினாலின் துண்டு ஆகியவையோ 69.070 என்ற அதே துல்லிய நிறையில் விழும். அவற்றை ஜிசி-எம்எஸ் கொண்டுதான் பிரிக்க முடியும்.

ஆனால் நீங்கள் சொல்லும் காரணமில்லாத ஏற்றத்துக்கு முதல் சந்தேகம் மனிதர்மேல்தான். நாம் விடும் மூச்சில் ஐசோப்ரீன் சாதாரணமாக 100 பிபிபி (நூறு கோடியில் 100 பங்கு) அளவில் இருக்கும். அசிட்டோன் அதைவிடப் பல மடங்கு. கதவைத் திறந்து ஒருவர் உள்ளே வந்து சேம்பருக்குமேல் குனிந்து பார்த்தால், 69உம் அசிட்டோனின் 59உம் சேர்ந்தே ஏறும். கார்பன் டை ஆக்சைடு அளவியும் கூட வைத்திருந்தால் அதுவும் ஏறும். மூன்றும் சேர்ந்தால் அது செடியின் வேலையல்ல. கை சுத்திகரிப்பான் பூசியிருந்தால் எத்தனால் 47இலும் ஐசோப்ரோப்பனாலின் துண்டு 43இலும் எழும். உடல் நாற்றம் மறைக்கும் பூச்சிலுள்ள சிலாக்சேன் 371இல் தெரியும். உள்ளே அனுப்பும் காற்றை அறையிலிருந்து எடுக்காதீர்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றால் சுத்திகரித்து எடுங்கள். அறைக்குள் யார் எப்போது வந்தார்கள் என்ற குறிப்பேடும் வேண்டும்.

ஒரு நல்ல சோதனை: 69ஐ ஒட்டி 70இல் கனமான கார்பனால் வரும் சிறு முகடு, ஐந்து கார்பன் சேர்மத்துக்கு 5.4 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். விகிதம் வெகுவாக விலகினால் அங்கே வேறு ஏதோ கலந்திருக்கிறது.

கேள்வி: பழுக்கும் கனியின் எத்திலீனை இதே கருவியில் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. எத்திலீனின் புரோட்டான் நாட்டம் நீரைவிடக் குறைவு, ஆகவே ஹைட்ரோனியத்திடமிருந்து அது புரோட்டானை வாங்காது. கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளியை எத்திலீன் 10.5 மைக்ரோமீட்டர் அருகே உறிஞ்சும்போது எழும் ஒலியை அளக்கும் ஒளியொலி முறை இதற்கு மிக நன்றாக வேலை செய்கிறது. செறிவு அதிகமிருக்கும் கிடங்குக் காற்றுக்கு மின்வேதி சென்சாரே போதும். ஆனால் அது எத்தனாலுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும்கூடக் குரல் கொடுக்கும்.

கேள்வி: பெரிய கருவிக்கு வழியில்லை. மலிவான உலோக ஆக்சைடு சென்சாரைச் செடிப்பக்கம் வைத்தால் ஏதாவது தெரியுமா? (பள்ளி அறிவியல் ஆசிரியர்)

பதில்: தெரியும், ஆனால் எதற்குத் தெரியும் என்று தெளிவாக இருக்க வேண்டும். சூடாக்கிய டின் ஆக்சைடு பரப்பில் ஆக்சிஜனேற்றமாகும் எந்த ஆவிக்கும் அதன் மின்தடை மாறும். மோனோடெர்பீனா எத்தனாலா என்று அது பிரிக்காது. ஈரப்பதம் மாறினாலும் மாறும். செடி நீராவி விடுவதால், விளக்கைப் போட்டவுடன் சென்சார் ஏறினால் அது வாசமாக இருக்க வேண்டியதில்லை, இலைத்துளை திறந்ததாகவும் இருக்கலாம்.

எனவே இரண்டு ஒரே மாதிரிச் சேம்பர் செய்யுங்கள். ஒன்றில் செடி. மற்றதில் செடி இல்லாமல், அதே அளவு ஈரம் வரும்படி நீரில் நனைத்த வடிதாள். இரண்டிலும் ஒரே தொகுதிச் சென்சார். சென்சார்களை மாற்றி மாற்றி வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் செடியோடு போகிறதா, சென்சாரோடு போகிறதா என்று தெரிந்துவிடும். சென்சார் புதிதானால் முதல் சில நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருக்கட்டும், அதற்குமுன் எடுத்த அளவு நகர்ந்துகொண்டே இருக்கும்.

பலர் தவறும் இடம் ஒன்று. இவ்வகைச் சென்சார்கள் சிலவற்றின் மென்பொருள், சுற்றியுள்ள காற்றின் சராசரியைத் தானாகக் கற்றுக்கொண்டு அதை அடிப்படையாக்கி, ஒரு தரக் குறியீட்டை மட்டும் தரும். செடி சில மணி நேரம் தொடர்ந்து வாசம் விட்டால், அதையே சாதாரணம் என்று அது ஏற்றுக்கொண்டு எண்ணைப் பழைய இடத்துக்கு இறக்கிவிடும். செடி நிறுத்திவிட்டது என்று நீங்கள் எழுதுவீர்கள். குறியீட்டை விட்டுவிட்டு மின்தடையின் மூல அளவைப் பதிவு செய்யுங்கள். அதேபோல், ஈரத்தை நீக்க நாஃபியான் (நீராவியைச் சுவர் வழியே வெளியேற்றும் பாலிமர்) டியூபை மாட்டுவதும் ஆபத்து. ஆல்கஹாலும் அசிட்டோனும் நீரோடு சேர்ந்து போய்விடும், அதன் அமிலத் தன்மையால் மோனோடெர்பீன்களும் உருமாறும்.

ஒளி அயனியாக்கச் சென்சார் ஒரு படி மேல். 10.6 எலெக்ட்ரான் வோல்ட் விளக்கு ஐசோப்ரீனையும் டெர்பீன்களையும் அயனியாக்கும். மெத்தனாலுக்கு 10.85 வேண்டும் என்பதால் அதைப் பார்க்காது. இது குறை மாதிரித் தோன்றினாலும், மெத்தனால் வந்து குழப்பாது என்பதால் உங்களுக்கு நன்மையே.

இவற்றை வைத்து 'எவ்வளவு' என்று சொல்ல வேண்டாம், 'எப்போது' என்று சொல்லலாம். சென்சார் எல்லை தாண்டியவுடன் ஒரு சிறு பம்பை இயக்கி டெனாக்ஸ் குழாயில் காற்றைப் பிடிக்கும்படி அமையுங்கள். குழாயை வசதியுள்ள ஆய்வகம் ஒன்று பிறகு பிரித்துப் பார்க்கட்டும். பெயரும் நேரமும் சேர்ந்து கிடைக்கும் மிக மலிவான வழி இதுதான் என்று நினைக்கிறோம்.

கேள்வி: பிபிபி எண்ணிலிருந்து செடி விட்ட அளவை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: ஓட்டத்தை மோலாக மாற்றுங்கள். 25 டிகிரியில் ஒரு மோல் காற்று 24.5 லிட்டர். ஆகவே நிமிடத்துக்கு 1 லிட்டர் என்பது நொடிக்கு 680 மைக்ரோமோல். வெளிவரும் காற்றுக்கும் உள்ளே போகும் காற்றுக்கும் ஐசோப்ரீன் வித்தியாசம் 10 பிபிபி என்றால், பெருக்கினால் நொடிக்கு 6.8 பிக்கோமோல். இலைப்பரப்பு 200 சதுர செ.மீ., அதாவது 0.02 சதுர மீட்டர் என்றால், சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.34 நானோமோல். நிறையாகச் சொன்னால் சதுர மீட்டருக்கு மணிக்கு 83 மைக்ரோகிராம்.

ஓட்டமானி எந்த வெப்பத்துக்குத் திருத்தப்பட்டது என்று பாருங்கள். பல கருவிகள் 0 டிகிரிக்குத் திருத்தியவை. அவற்றுக்கு 22.4 லிட்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் 9 சதவீதம் பிழை. உள்ளே போகும் காற்றின் அளவை ஒருமுறை பார்த்து விட்டுவிடாமல், செடி இல்லாத ஒரு வெற்றுச் சேம்பரை இணையாக வைத்து அதன் அளவையே கழியுங்கள். சுவரும் டியூபும் விடுவதும் சேர்ந்து கழிந்துவிடும். தொட்டிச் செடியை முழுதாக மூடினால், மண்ணோடு கூடிய செடியில்லாத தொட்டிதான் உங்கள் வெற்று.

கேள்வி: வெற்றுக் கரியால் வடிகட்டிய காற்றில் பீட்டா-காரியோஃபிலீன் என்ற செஸ்குவிடெர்பீன் நன்றாக வந்தது. வடிகட்டியை எடுத்தவுடன் காணாமல் போனது. செடி நிறுத்திவிட்டதா?

பதில்: ஓசோன் அதைத் தின்றுவிட்டது. காற்றில் 30 பிபிபி ஓசோன் இருந்தாலே காரியோஃபிலீனின் ஆயுள் சுமார் 2 நிமிடம்தான். 5 லிட்டர் சேம்பரில் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால், வெளியே வருவதற்குள் பத்தில் ஏழு பங்கு போய்விடும். அதே ஓசோனில் ஆல்ஃபா-பினீனுக்கு 4 மணி நேரம், ஐசோப்ரீனுக்கு ஒரு நாளுக்கும் மேல். அதனால்தான் மற்ற எண்கள் மாறாமல் இது மட்டும் மறைந்தது. வடிகட்டியைத் திரும்ப மாட்டுங்கள். கரி புதிதானால் தொடக்கத்தில் கார்பன் டை ஆக்சைடையும் கொஞ்சம் பிடிக்கும், ஒளிச்சேர்க்கை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வருகிற ஐசோப்ரீன் அப்போது செய்ததா, முன்பு சேமித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: விளக்கை அணையுங்கள். ஐசோப்ரீனைச் செடி சேமிப்பதில்லை, சில நிமிடத்தில் 69 கிட்டத்தட்டத் தரையைத் தொடும். பைன் போன்ற மரங்களின் பிசின் குழாய்களில் சேமித்த மோனோடெர்பீன் இருட்டிலும் வந்துகொண்டிருக்கும், வெப்பம் குறைந்தால்தான் குறையும். சில மரங்களில் விளக்கை அணைத்த சில நிமிடத்தில் 45இல் அசிட்டால்டிஹைடு ஒரு சிறு குத்தாக எழும், அதைக் கருவிக் கோளாறு என்று வெட்டிவிடாதீர்கள். விளக்கைப் போட்டு இலைத்துளை திறக்கும்போது 33இல் மெத்தனால் எழுவதும் அப்படியே. இரவெல்லாம் செல்சுவர் வளர்ச்சியில் உண்டானது உள்ளே தேங்கி, துளை திறந்ததும் வெளியேறுகிறது.

இன்னும் உறுதியாக வேண்டுமென்றால், உள்ளே அனுப்பும் கார்பன் டை ஆக்சைடைக் கார்பன்-13 உள்ளதாக மாற்றுங்கள். 69 சரிய, 70, 71 என்று படிப்படியாக ஏறி, 74இல் ஒரு முகடு நிற்கும். ஐந்து கார்பனும் புதியவை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை. 10 முதல் 20 நிமிடத்தில் பெரும்பங்கு மாறிவிடும். இந்த வரைபடத்தை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் இலையை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

கேள்வி: பையில் காற்றைப் பிடித்து மறுநாள் அளக்கலாமா?

பதில்: ஐசோப்ரீன் மட்டும் என்றால், டெஃப்ளான் பையில், இருட்டில், ஓசோன் இல்லாமல், சில மணி நேரத்துக்கு. செஸ்குவிடெர்பீனுக்கு ஒருபோதும் கூடாது. டெட்லார் (ஒரு வகைப் பிளாஸ்டிக் படலம்) பை தானே ஃபீனால் விடும்.

கேள்வி: அளவுத்திருத்தம் எவ்வளவு அடிக்கடி? ஒரு நாள் ஓட்டத்தை எப்படி வரிசைப்படுத்துவது?

பதில்: சேம்பரை மாலையிலேயே மாட்டிவிட்டு, செடிக்கு ஒரு நாள் அமைதி கொடுங்கள். மாட்டும்போது இலை உரசியதால் எழும் வாசம் அடங்க அவ்வளவு நேரம் ஆகும்.

அளவு தொடங்கும் முன் மூன்று புள்ளித் திருத்தம். 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) செறிவுள்ள வாயுச் சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 5, 10, 20 மி.லி. எடுத்து, தூய காற்று சேர்த்து நிமிடத்துக்கு 1 லிட்டராக்கினால் 5, 10, 20 பிபிபி. சிலிண்டரின் ரெகுலேட்டரை அரை மணி நேரமாவது ஓட விட்டபிறகே குறியுங்கள். டெர்பீன்கள் அதன் உள்சுவரில் ஒட்டுவதால் முதலில் வருவது எப்போதும் குறைவாகவே வரும். தூய காற்றைச் சேம்பரின் ஈரத்துக்கே ஈரமாக்குங்கள். ஈரம் கூடினால் நீர்க்கொத்து அயனியின் 37ஆம் எண் உயரும், கருவியின் உணர்திறனும் மாறும். முதன்மை அயனியான ஹைட்ரோனியம் 19ஆம் எண்ணில் உணரியை நிரப்பிவிடும் என்பதால், ஆக்சிஜன்-18 உள்ள 21ஆம் எண்ணை அளந்து ஏறத்தாழ 500ஆல் பெருக்கி, எல்லாச் சமிக்ஞையையும் அதற்கு ஒப்பாக எழுதுங்கள். நாள் முழுக்க அது மெல்ல இறங்கினாலும் கணக்கு தப்பாது.

மணிக்கு ஒருமுறை 5 முதல் 10 நிமிடம் வெற்றுக் காற்று. பிளாட்டினம் வினையூக்கியை 350 டிகிரிக்குச் சூடாக்கி அதன் வழியாக அளவுக் காற்றையே அனுப்பினால், சேர்மங்கள் எரிந்து ஈரம் அப்படியே இருக்கும், இதுவே நல்ல வெற்று. அந்த வெற்றின் திட்டவிலக்கத்தை மூன்றால் பெருக்கி உணர்திறனால் வகுத்தால், எந்த அளவுக்குக் கீழே எழுதக்கூடாது என்று கிடைக்கும்.

முடிந்தபின் செடியை எடுத்துவிட்டுச் சேம்பரை உடனே கழற்றாதீர்கள். விளக்கு, வெப்பம், ஓட்டம் எதையும் மாற்றாமல் வெறுமையாக ஒரு மணி நேரம் ஓட விட்டு, 69, 137, செஸ்குவிடெர்பீனின் 205 மூன்றும் இறங்கும் வேகத்தைப் பதியுங்கள். 69 சேம்பரின் மாற்று நேரப்படியே இறங்கும். 205 எவ்வளவு பிந்துகிறதோ, பகல் முழுக்க நீங்கள் எழுதிய செஸ்குவிடெர்பீன் நேரங்களும் அவ்வளவு பிந்தியவை.